அடைக்குக் காசு கிடையாது

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி ஆடாது, சுவரோரம் கிடப்பதுதான் ஆடும். பக்கத்து வீட்டு ரசாலம் சந்தைக்குப் போயிருக்கிறார். வந்தாலும் நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

கிழக்கே அந்த ரப்பர் தோட்டத்தை வாங்கியது நீங்கள்தானா? நல்ல மண். தண்ணீர் நிற்காது. என்ன கேட்டீர்கள்? ஆமாம், சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு தேனீப்பெட்டி இருக்கிறது. கல்லுவிளையில் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. புதிதாக வருகிற எல்லாரும் இதைக் கேட்பார்கள். யாரிடம் கேட்டாலும் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். சத்தியநேசனிடம் கேளுங்கள் என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், இல்லையா? பரவாயில்லை. என்னிடம் கேட்பதுதான் சரி. இந்த ஊரில் ஈயை, அதாவது தேனீயைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை.

முன்பு இங்கே பெட்டி இல்லாத வீடு இல்லை. கோழி வளர்க்காத வீடுகூட உண்டு, பெட்டி இல்லாத வீடு கிடையாது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடுகிற காலத்தில் பெட்டிகளை எல்லாம் வேனில் ஏற்றி மலையடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்போம். ரப்பருக்குப் பூவில் இல்லை தேன், இலைக்காம்பில்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தளிர்க்காலம் ஒன்றுதான் எங்களுக்கு அறுவடை. அந்த இரண்டு மாதத் தேனில் ஒரு வருஷம் ஓடும்.

மற்ற மாதங்களில் ஈயைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். அதில்தான் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் பெட்டி தளர்ந்துபோனால், பலமான பெட்டி வைத்திருக்கிறவர் அதிலிருந்து ஒரு புழு அடையை எடுத்துக் கொடுப்பார். ஈயின் முட்டையும் புழுவும் நிறைந்த மெழுகு அடை. அதன்மேல் அப்பிக்கொண்டிருக்கிற ஈயோடு சேர்த்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் தளர்ந்த பெட்டியில் இறக்குவார். புழுக்கள் ஈயாகி வந்ததும் பெட்டி நிமிர்ந்துவிடும். இதற்குக் காசு கிடையாது. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாசலுக்கு வந்த அடையை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த இரண்டு வீட்டுக்கும் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

ஊரிலேயே அதிக அடை கொடுத்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எவர் வீட்டில் பெட்டி மெலிந்தாலும் கேட்பதற்கு முன்பே போய் நிற்பேன். சைக்கிளில் முன்னால் ஒரு கூடை, கூடையில் ஈரத்துண்டு, இடுப்பில் பெட்டி திறக்கிற கத்தி. தூரத்தில் என் சைக்கிள் மணி கேட்டாலே, "ஏட்டீ, அடைக்காரரு வாராரு, காப்பியைப் போடு" என்பார்கள். அப்படி இருந்த ஊர் சார் இது.

என் மனைவி தங்கப்பூ மட்டும் சொல்லுவாள்: "நம்ம பெட்டியை மெலிய வச்சு ஊரான் பெட்டியைக் கொழுக்க வைக்குதீங்க." விளையாட்டாகத்தான். அப்போதெல்லாம் அவள் விளையாட்டாகப் பேசுவாள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் மழை பெய்தது. மாசியில் அப்படி ஒரு மழை. தளிர் விட்ட ரப்பர் இலையில் சாம்பல் பூத்து, இலை அப்படியே கருகி உதிர்ந்தது. தேன் ஊறவில்லை. மலையடிவாரத் தோட்டத்தில் எங்கள் ஊர்ப் பெட்டி, பக்கத்து ஊர்ப் பெட்டி, எங்கிருந்தோ வந்தவர்களின் பெட்டி என்று எல்லாம் நெருக்கி நெருக்கி வைத்திருந்தது. தீனி இல்லாமல் ஒரு பெட்டி ஈ இன்னொரு பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தது. இனி வைத்துப் பிரயோசனமில்லை என்று ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். வந்த பிறகுதான் பார்த்தேன். புழுக்கள் அடையின் அறைகளுக்குள் மல்லாந்து கிடந்தன. தலை மட்டும் சற்றுத் தூக்கி, சின்ன ஓடம் மாதிரி. முள்ளால் குத்தி எடுத்தால் உள்ளே வெறும் நீர். ஒரு பை போலத் தொங்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மழை சார். காலம் மாறிப்போச்சு. இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், நான் அப்போதே சொன்னேன்.

புழு செத்தால் பெட்டி மெலியும். பெட்டி மெலிந்தால் அடை கொடுக்க வேண்டும். அதுதானே முறை? நான் ஓய்வே எடுக்கவில்லை. என் பெட்டிகளில் கொஞ்சம் பலமாக இருந்தவற்றைத் தேடி, அடையை உருவி, நாரத்தை முள்ளால் செத்த புழுவை ஒவ்வொன்றாகத் தோண்டி எறிந்துவிட்டு, மிச்சம் உயிரோடு இருப்பதை வீடுவீடாகக் கொண்டுபோனேன். முதலில் ரசாலம் வீடு. அப்புறம் கீழத்தெரு முழுக்க. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அடை இறக்கிய வீட்டில் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த மல்லாந்த புழு அங்கேயும் வரும். ஈ எல்லாம் ஒரு காலையில் எழும்பிப் போய்விடும். வெறும் பெட்டி. அதாவது, என் அடையாலும் காப்பாற்ற முடியாத அளவுக்கு அவர்கள் பெட்டி கெட்டுப்போயிருந்தது. நான் போகாவிட்டால் இன்னும் சீக்கிரம் செத்திருக்கும்.

ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசு, கண்ணாடி. ஆலயத்து முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். "இது ஒட்டுற நோய். ஒரு பெட்டி அடையை இன்னொரு பெட்டிக்குக் கொண்டுபோகாதீங்க. ஒரு கத்தியாலே ரெண்டு பெட்டியைத் திறக்காதீங்க. தனியா கிடக்கிற பெட்டியைத் தனியாவே விடுங்க. சாவறது சாகட்டும். எது தப்பிப் பிழைக்குதோ, அதோட வம்சம் இந்த நோயைத் தாங்கும். அதிலிருந்து திரும்பப் பெருக்கிக்கலாம்" என்றார்.

சாவறது சாகட்டுமாம். கேட்டீர்களா? நான் எழுந்து கேட்டேன், "சாரே, உங்க வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இப்படித்தான் சொல்லுவீங்களா?" என்று. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கொடுக்காதே என்று சொல்ல ஒரு படிப்பு வேண்டுமா சார்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தங்கப்பூ சொன்னாள், "இஞ்ச பாருங்க, கொஞ்ச நாளைக்கு யாரு வீட்டுக்கும் போவாண்டாம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பயல் சொன்னான்னு நீயும் சொல்லுதியா? நான் ஊருக்கு நல்லது செய்யக் கூடாதா?" என்றேன். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை.

இனி அவளுடைய அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். என் மனசில் முள்ளாகக் கிடப்பது அதுதான்.

வேதமாணிக்கம் என்று பெயர். என் மச்சான். ஆற்றுக்கு அக்கரையில் வீடு. எங்களுக்குள் ஒரு சண்டை. அவர்கள் குடும்பச் சொத்தின் எல்லையில் நின்ற ஆஞ்சிலி மரத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிப் பெட்டி செய்துவிட்டார். அதில் தங்கப்பூவுக்கும் பங்கு உண்டு. பேச்சு நின்றது. முன்பெல்லாம் தளிர்க்காலத்தில் அவர் பெட்டியும் என் பெட்டியும் ஒரே வேனில் போகும். சண்டைக்குப் பிறகு நான் வேனில் இடம் கொடுக்கவில்லை. தனியாக வேன் பிடிக்க அவருக்கு வசதியில்லை. அதனால் அந்த மாசியில் அவருடைய பெட்டிகள் தோட்டத்துக்கு வராமல் வீட்டிலேயே கிடந்தன.

அவர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பக்கம் ஊரே காலியாகிவிட்டது, அந்தப் பக்கம் அவர் வீட்டில் மட்டும் ஈ இரைந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். இங்கே பூசணி பூத்துப் பூத்து, பிஞ்சு பிடிக்காமல் அழுகி விழுந்தது. பெண்கள் காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர் தோட்டத்தில் மட்டும் காய் காய்த்தது.

மரம் போனால் போகட்டும், போய்ப் பேசிவிடலாம் என்று எனக்கு அந்த முதல் வருஷமே தோன்றியது. தங்கப்பூவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் உங்களைப் பத்தி என்ன சொல்லிட்டுத் திரியாரு தெரியுமா? கருப்பட்டி களவாண்டவனுக்க மவன்னு சந்தையிலே வச்சுச் சொன்னாராம்."

என் அப்பாவை, சார்! என் அப்பா மேல் அப்படி ஒரு பழி ஒருகாலத்தில் இருந்தது, பொய்ப்பழி. அதைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அவள் "மிதிக்காண்டாம்" என்றாள்.

எப்போதெல்லாம் எனக்கு மனம் இளகுமோ, அப்போதெல்லாம் அவள் புதிதாக ஒன்று கொண்டுவருவாள். அண்ணன் அப்படிச் சொன்னார், அண்ணி இப்படிச் சிரித்தாள். எல்லாம் பொய். ஒரு வார்த்தைகூட அந்த மனிதர் சொல்லவில்லை. சொந்த அண்ணனையும் புருஷனையும் பிரித்து வைப்பதற்கு ஒருத்தி இரண்டு வருஷம் பொய் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் இதைச் செய்தாள். ஏன் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். நீங்கள் படித்தவர், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த ஈஸ்டர் முடிந்ததும் வேதமாணிக்கம் தன் பெட்டிகளைப் பிரிக்கப் போகிறார், பிரித்து இந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு கூடு கொடுக்கப் போகிறார் என்று பேசி முடித்திருந்தார்கள். ரசாலத்துக்குத் தெரியும், கீழத்தெருவுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் பழைய பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். ஊருக்கே விதை அவர் வீட்டில்தான் மிச்சம் இருந்தது. ஏற்பாடு செய்தது யார்? என் மனைவி. எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அடை கொடுத்த எனக்கு மட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், வீட்டார் உறவினரோடு பகை வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வராதீர்கள் என்றார். என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. என் அப்பாவைத் திட்டினவரை நான் மன்னிப்பதா என்று ஒரு வாரம் மனசோடு மல்லுக்கட்டினேன். பிறகு தீர்மானித்தேன். போவது என்றால் வெறுங்கையோடு போகக் கூடாது.

என்னிடம் அப்போது ஒரே ஒரு பெட்டிதான் மிஞ்சியிருந்தது. இங்கேதான், அந்தக் கிணற்றடியில். செத்துச் செத்து, பிறகு தானாகக் கொஞ்சம் தேறி வந்தது. அதில் ஒரே ஒரு நல்ல புழு அடை. அதை எடுத்தால் என் பெட்டி போய்விடும் என்று தெரியும். ஆனாலும் எடுத்தேன். அங்கங்கே கொஞ்சம் புழு மல்லாந்து கிடந்தது. முள்ளால் ஒன்று விடாமல் பொறுக்கினேன். கண் வலிக்க வலிக்கப் பொறுக்கினேன். துண்டை நனைத்துச் சுற்றினேன். இதைவிடப் பெரிய கொடை ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் செய்ய முடியுமா? சொல்லுங்கள்.

தங்கப்பூ கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூடையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"உனக்க அண்ணன் வீட்டுக்கு."

"போவாண்டாம்."

"போதகர் சொன்னதைக் கேட்டியா இல்லையா?"

"நான் சொல்லுததைக் கேளுங்க. போணும்னா போங்க. கூடையை வச்சுட்டுப் போங்க."

"அடையில்லாம என்னத்துக்குப் போறது? நான் என்ன பிச்சைக்கா போறேன்?"

அவள் சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கச் சோப்பு நுரை. "எங்க அண்ணன் அப்படி ஒண்ணும் சொல்லல்ல. நான்தான் சொன்னேன். எல்லாம் நான் கட்டிச் சொன்னது" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. அப்படியென்றால் அந்த மனிதர்மேல் ஒரு குற்றமும் இல்லையே! இரண்டு வருஷமாக ஒரு நல்ல மனிதரை வெறுத்திருக்கிறேனே! மிதித்தேன். நுரைக் கை வழுக்கிவிட்டது.

வழியில் ரசாலம் நின்றார். கூடையைப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்தார். "ஓய், ஆத்தைத் தாண்டாதேயும். உமக்க அடை போகாத ஒரே வீடு அது. அங்க மட்டுந்தான் ஈ இருக்கு. மண்டையிலே ஏறுதா ஓய்?" என்று கத்தினார்.

"அதனாலதானவே போறேன். என் அடை போகாமலே இப்படி இருக்குதுன்னா, போனா எப்படி இருக்கும்?" என்றேன். பாலத்தில் ஏறிவிட்டேன். பின்னால் ஒரு கல் வந்து விழுந்தது. அவர்தான் எறிந்திருப்பார். பொறாமைக்கும் ஒரு அளவு உண்டு.

மச்சான் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாரும் மாப்பிளே!" என்று எழுந்து வந்தார். அப்புறம் கூடையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். நான் துண்டை விலக்கிக் காட்டினேன். "மச்சான், என்கிட்ட மிச்சமிருந்தது இது ஒண்ணுதான். உமக்காக்கும்" என்றேன்.

அவர் பெட்டிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டார். முற்றத்தில் ஈச்சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நாளாயிற்று சார், அந்தச் சத்தத்தைக் கேட்டு!

கடைசியில் மச்சான் சொன்னார், "இங்க வச்சிட்டு உள்ள வாரும். சாப்பிடலாம். பிறகு நானே போட்டுக்கிடுதேன்."

"நல்ல கதை. அடையைக் கீழே வைக்கலாமா? ஆறினா புழு செத்துப்போகும். நீரு இரியும், நான் போடுதேன்."

"மாப்பிளே..." என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது. வாசலுக்கு வந்த அடை. அதுவும் பகை மறந்து தங்கச்சி மாப்பிள்ளை கொண்டுவந்தது.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன். எது பலமான பெட்டி என்று தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை. மரத்தடியில் இருந்தது, தொழுவத்துப் பக்கம் இருந்தது, எல்லாம். ஒவ்வொரு பெட்டியிலும் அடையைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று புழு, முத்து மாதிரி. நல்லதிலும் நல்லதைத் தேர்ந்து அதில் என் அடையை இறக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் மச்சானுடைய கண்ணில் தண்ணீர். வழிந்து தாடியெல்லாம் நனைந்திருந்தது.  இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

ஈஸ்டருக்கு முன்பே அங்கேயும் புழு மல்லாந்துவிட்டது. எந்த நேரத்தில் எது வர வேண்டுமோ அது வரும் சார். ஆற்றைத் தாண்ட அந்த நோய்க்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மச்சான் பெட்டிகளை அடுக்கிக் கொளுத்திவிட்டு, கேரளத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். அங்கேயே இருந்துவிட்டார். ஆனால் கடைசிவரை என்னோடு பகை இல்லை. அதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

வேறு ஊர்களில் பிறகு காட்டிலிருந்து பிழைத்த ஈயைப் பிடித்து மெல்ல மெல்லப் பெருக்கிவிட்டார்கள். இங்கேயும் இரண்டு மூன்று பேர் கொண்டுவந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? போய்ப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் வைக்கவில்லை. நான் இருக்கிறவரை இந்த ஊரில் பெட்டி வேண்டாம் என்று பேசிக்கொண்டார்களாம். தங்கப்பூவை அடக்கம் பண்ணின அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் அழுதார்கள். அவளுக்காக வந்தார்கள். என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை.

அடையை இறக்கிய அன்றைக்கு, மச்சான் வீட்டிலிருந்து நான் கிளம்புகிற நேரத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். அவ்வளவு தூரமும் ஓடி வந்திருக்கிறாள். வேலிக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன், அவள் பக்கத்தில் நடந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாலத்தின் நடுவில் வந்ததும் நின்றாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாருக்கும் குடுத்து முடிச்சாச்சா?"

அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்று அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

"முடிச்சாச்சு" என்றேன். "உனக்க அண்ணன்தான் கடைசி."